பொற்றுகள் சுமக்கும் கதிர்மருந்து: வந்துசேர்ந்ததும் வந்துசேராததும்

ஒக்லண்டிலிருந்து எமது செய்தியாளர்

நியூசிலாந்தின் நூறு டொலர்த் தாளில் மீசை வைத்த ஒருவரின் முகம் அச்சிடப்பட்டிருக்கிறது. எம்மவரில் பலருடைய கைகளில் அத்தாள் நெடுநேரம் தங்குவதில்லையாதலால் அம்முகத்தை உற்றுப் பார்த்தவர்கள் சிலராகவே இருப்பர். அவர் ஏர்ணஸ்ட் ரதபோர்ட். தென்தீவில் நெல்சன் நகருக்கு அண்மையிலுள்ள பிறைற்வோட்டர் என்னும் சிற்றூரில் 1871 இல் பிறந்தவர். கதிர்த்தொழிற்பாடுள்ள பொருள்களிலிருந்து வெளிப்படும் கதிர்களை அல்பா, பீற்றா என வகுத்துப் பெயரிட்டவர் அவரே. அத்தகைய பொருளொன்று தன் வலுவிற் பாதியை இழக்க எடுக்கும் காலத்தை, அதாவது அரைவாழ்வுக் காலத்தை, அறிவியலுக்குத் தந்தவரும் அவரே.

அவருடைய மஞ்செஸ்ரர் ஆய்வுகூடத்தில் 1909 இல் கைகர், மார்ஸ்டன் என்னும் இருவர் மிக மெல்லிய பொற்றகட்டின் மீது அல்பாத் துணிக்கைகளை ஏவிப் பார்த்தனர். பெரும்பாலானவை தகட்டை ஊடுருவிச் சென்றன; மிகச் சில, சுவரில் எறிந்த பந்து போலத் திரும்பித் தெறித்தன. அத்தெறிப்பிலிருந்துதான் 1911 இல் அணுவுக்கு ஒரு கரு உண்டென்ற முடிவு பிறந்தது. மார்ஸ்டன் 1915 இல் நியூசிலாந்துக்கு வந்து வெலிங்டனிற் பௌதிகப் பேராசிரியரானார். இந்நாட்டின் பிரதான ஆய்வு நிதியம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்று பொன் இலக்காக இருந்தது. கதிர் அம்பாக இருந்தது. இன்று சில ஆய்வுகூடங்களில் அப்பொன்னே கதிரைச் சுமந்துகொண்டு புற்றுநோய்க் கட்டிக்குள் நுழையும் வாகனமாக மாற்றப்பட்டு வருகிறது. கண்ணுக்குப் புலனாகாத அளவுக்குச் சிறிய துகள்களில் கதிர்ப்பொருளை ஏற்றி, உடலினுள் வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்பும் இம்முயற்சி பற்றிய செய்திகள் எம் மக்களிடையேயும் பரவியுள்ளன. சன்றிங்ஹாம் வீதிக் கடைகளிலும் கோயில் மண்டபத்திலும் என்னிடம் இது பற்றிக் கேட்கப்படுகிறது. வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பவர்களே பெரும்பாலும் கேட்கிறார்கள். "நனோத் தங்கச் சிகிச்சை எங்கே செய்கிறார்கள்? எவ்வளவு முடியும்? இந்தியாவில் இருக்கிறதாமே?" என்ற கேள்விகளின் பின்னால், வீட்டை ஈடு வைக்கவும் ஊரிலுள்ள காணியை விற்கவும் ஆயத்தமான மனங்கள் இருப்பதை நான் அறிவேன். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுவது கடமையாகிறது.

சுமையன்று, சுமப்பதே சிக்கல்

கதிரால் புற்றுநோயைத் தாக்குவது புதிய செய்தியன்று. வெளியிலிருந்து இயந்திரத்தாற் கதிர் பாய்ச்சும் முறை எல்லோரும் அறிந்தது. அம்முறையில் கட்டியை அடையுமுன் கதிர் நல்ல தசையையும் கடக்கிறது. கட்டி பல இடங்களிற் சிதறியிருந்தால் எல்லா இடத்துக்கும் பாய்ச்சவும் இயலாது. அப்படியானால் கதிர்ப்பொருளையே இரத்தத்தில் விட்டு, கட்டி இருக்குமிடத்துக்கு அதுவே போய்ச் சேரும்படி செய்தாலென்ன என்ற எண்ணம் எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1941 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் தைரொயிட் நோயாளி ஒருவருக்குக் கதிர் அயடீன் பருகக் கொடுக்கப்பட்டது. தைரொயிட் சுரப்பி இயல்பாகவே அயடீனை இழுத்துச் சேமிப்பது. கதிர் அயடீனுக்கும் சாதாரண அயடீனுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. சுமந்து செல்ல ஆளே தேவைப்படவில்லை. அயடீன்-131 இன்றும் உலகெங்கும் தைரொயிட் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

ஸ்ரொன்சியம்-89 இன் கதையும் இதைப் போன்றதே. கல்சியத்தின் உறவினமாதலால் அது என்புக்குப் போய்ச் சேர்கிறது. என்பிற் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்கிறது. தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலுள்ள வேக ஈனுலையில் இப்பொருள் ஆக்கப்பட்டிருக்கிறது என்பதை அணு உலை என்றதும் குண்டை மட்டுமே நினைப்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஆனால் மார்பகத்துக்கோ, குடலுக்கோ, சதையிக்கோ இப்படியான தனி வழி இல்லை. அயடீனைப் போலத் தானே வழி கண்டு செல்லும் பொருளும் இல்லை. அங்கெல்லாம் கதிர்ப்பொருளைச் சுமந்து சென்று, கட்டியின் கலங்களில் மட்டும் இறங்கி, வேலை முடியும்வரை அங்கேயே தங்கக்கூடிய ஓர் ஊர்தி வேண்டும். ஊர்தி வழி தவறினால் மருந்தே நஞ்சாகிவிடும். இத்துறையில் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்த போராட்டம் முழுவதும் ஊர்தியைப் பற்றியது.

இங்கே கிடைப்பது எது?

இன்று ஒக்லண்டில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் இவ்வகை மருந்துகளில் முதன்மையானது லுற்றீசியம்-177 கொண்டது. இதில் நனோத் துகள் எதுவும் இல்லை. ஒரு முனையில் கட்டியின் கலங்களைத் தேடிப் பற்றும் சிறு புரதத் துண்டு. மறு முனையில் ஒரு கூடு. அக்கூட்டினுள் ஒரேயொரு லுற்றீசியம் அணு. அது வெளியிடும் பீற்றாத் துணிக்கை தசையில் அதிகம் போனால் இரண்டு மில்லிமீற்றர் தூரம் செல்லும். கூடவே சிறிதளவு காமாக் கதிரும் வெளிப்படுவதால், மருந்து எங்கே போய்ச் சேர்ந்ததென்பதைக் கமராவிற் பார்க்கவும் முடிகிறது.

நாளமில்லாச் சுரப்பிசார் நரம்புக் கலங்களிலிருந்து தோன்றும் ஒருவகைக் கட்டிகளுக்கு இது கொடுக்கப்படுகிறது. முன்னர் இந்நாட்டு நோயாளிகள் இதற்காக மெல்பேர்ணுக்குப் பறக்க வேண்டியிருந்தது. பின்னரே ஒக்லண்டில் இச்சேவை தொடங்கியது. நடுக்குடலில் இவ்வகைக் கட்டி தோன்றிய 229 பேரிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வின்படி, 20 மாதங்களின் முடிவில் நோய் முன்னேறாதிருந்தோர் லுற்றீசியம் பெற்றவர்களில் 65.2 வீதம், பெறாத குழுவில் 10.8 வீதம். புரொஸ்டேட் எனப்படும் முன்னிற்குஞ் சுரப்பியின் முற்றிய புற்றுநோய்க்கும் இதே லுற்றீசியம் வேறோர் ஊர்தியில் ஏற்றப்படுகிறது. 2021 இல் வெளியான ஆய்வில் 831 பேர் சேர்ந்திருந்தனர். அம்மருந்தையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 15.3 மாதம், மற்றவர்களுடையது 11.3 மாதம். நான்கு மாதம் பெரிதா சிறிதா என்று கேட்பவர்கள் உண்டு. பேரப்பிள்ளையின் முகத்தை முதன்முறை காண விசாவுக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவரிடம் அக்கேள்வியைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

லுற்றீசியம்-177 இன் அரைவாழ்வுக் காலம் 6.65 நாள். ஒரு நாள் தாமதித்தால் பத்தில் ஒரு பங்கு வீணாகிவிடும். ஆகவே இம்மருந்தைப் பனிப்பெட்டியில் அடுக்கிவைக்க முடியாது. ஆக்கிய கையோடு விமானத்தில் ஏற்றவேண்டும். நியூசிலாந்தில் அணு உலை கிடையாது. 1987 இல் இயற்றப்பட்ட சட்டம் அணுவாயுதங்களையும் அணுச்சக்தியால் ஓடும் கப்பல்களையும் இந்நாட்டுக்கு வெளியே நிறுத்தியது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், 1985 யூலை 10 இல், இதே ஒக்லண்ட் துறைமுகத்தில்தான் ரெயின்போ வோரியர் கப்பல் பிரெஞ்சு உளவாளிகளாற் குண்டு வைத்து மூழ்கடிக்கப்பட்டது. ஆயினும் அச்சட்டம் மருத்துவத்துக்கான கதிர்ச் சமதானிகளைத் தடுக்கவில்லை. சிட்னிக்கு அண்மையிலுள்ள லூக்கஸ் ஹைற்ஸ் உலை அவற்றை ஆக்கும் இடங்களிலொன்று. அணுவைப் பிளந்து அறிவியலுக்குப் பெயர் தேடித்தந்தவரைப் பெற்ற நாடு, அணுமருந்துக்கு அயல்வீட்டை எதிர்பார்த்து நிற்கிறது.

நனோத் துகள் எதற்கு?

லுற்றீசியம் மருந்து நன்றாகத்தானே வேலை செய்கிறது, பிறகு நனோத் துகள் எதற்கு என்று கேட்கலாம். அந்த மருந்தில் ஒரு புரதத் துண்டு ஓர் அணுவையே சுமக்கிறது. ஒரு மூட்டையை ஏற்றிச்செல்ல ஒரு மாட்டுவண்டி என்றதைப் போன்றது அது. அத்தோடு, பற்றிக்கொள்ளத் தக்க அடையாளம் கலத்தின் மேற்பரப்பில் உள்ள புற்றுநோய்களுக்கு மட்டுமே அது உதவும்.

ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பு எண்பதாயிரம் நனோமீற்றர் அளவில் இருக்கும். பதினைந்து நனோமீற்றர் விட்டமுள்ள ஒரு பொற்றுகளில், கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்கள் அடங்கும். அவற்றிற் சிலவற்றையேனும் கதிர் அணுக்களாக்கிவிட்டால் ஒரே துகள் பல சுமைகளைச் சுமக்கும்.

பொன்னுக்கு வேறொரு வசதியும் உண்டு. இயற்கைப் பொன் முழுவதும் ஒரே வகை அணு: பொன்-197. எம் பெண்களின் தாலிக்கொடியில் இருந்ததும், படகுக்கும் முகவருக்கும் கொடுப்பதற்காக விற்கப்பட்டதும் அதுவே. அதை உலையில் வைத்து நியூத்திரன்களால் தாக்கினால் பொன்-198 ஆகிறது. அதன் அரைவாழ்வு 2.7 நாள். பீற்றாவையும் காமாவையும் வெளிவிட்டு அது பாதரசமாக மாறிவிடுகிறது. பாதரசத்தைப் பொன்னாக்க எம் சித்தர்கள் முயன்றதாகக் கதையுண்டு. இங்கே இயற்கை எதிர்த்திசையில் அதைச் செய்துகாட்டுகிறது. மருந்தில் உண்டாகும் பாதரசம் மிகமிகச் சொற்பம்.

இத்துறையில் நெடுங்காலம் உழைத்து வருபவர்களில் ஒருவர் கர்நாடகத்தின் தார்வாடைச் சேர்ந்தவரும், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவருமான கட்டேஷ் கட்டி. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவரது குழுவினரும், அங்குள்ள ஆய்வு உலையின் உதவியோடு பொன்-198 துகள்களை ஆக்கினர். வெறும் பொற்றுகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அதைத் தடுக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்தவை எம் சமையலறைக்குத் தூரமானவையல்ல. முதலில் வேல மர இனத்துப் பிசின். பின்னர் தேயிலையிலுள்ள ஒரு சேர்வை. அந்தத் தேயிலைச் சேர்வை, புரொஸ்டேட் புற்றுநோய்க் கலங்களில் மிகுந்திருக்கும் ஒரு வாங்கியைப் பற்றும் இயல்புள்ளது. எலிகளின் கட்டிக்குள் இத்துகள்களை நேரே ஊசியாற் செலுத்தியபோது, 28 நாட்களின் பின் கட்டியின் பருமன் சிகிச்சை பெறாத எலிகளினதைவிட 80 வீதம் குறைவாக இருந்ததென 2012 இல் அறிவித்தனர்.

இதைப் படித்துவிட்டுத் தேநீர் குடித்தாற் புற்றுநோய் போகுமென எவரும் எண்ணவேண்டாம். மலைநாட்டில் நாள்தோறும் தேயிலையோடு வாழ்ந்த எம் மக்களுக்கும் புற்றுநோய் வந்தது. தங்க பஸ்பத்தையும் இதனோடு குழப்பவேண்டாம். பஸ்பத்திலுள்ள பொன் கதிர் வீசுவதில்லை. மேலே சொன்ன ஆய்வில் இரண்டு சொற்களை அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும்: ஒன்று "எலி", மற்றையது "நேரே". மருந்து இரத்தத்தில் விடப்படவில்லை, கட்டிக்குள்ளேயே செலுத்தப்பட்டது.

அல்பாக் கதிர் வீசும் அக்டினியம்-225 போன்றவற்றுக்கும் நனோத் துகள் ஒரு தீர்வாகலாம் என்று கருதப்படுகிறது. அல்பாத் துணிக்கை தசையில் மயிரிழை அளவே செல்லும். ஆனால் சென்ற வழியிலுள்ள கலங்களை எளிதில் தப்பவிடாது. அக்டினியம் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அல்பாக்களை வெளியிடுவது. சிக்கல் என்னவென்றால், துப்பாக்கி சுடும்போது தோளை உதைப்பது போல, அல்பா வெளியேறும்போது எஞ்சிய கருவும் பின்னோக்கி உதைக்கப்படுகிறது. அவ்வுதையின் முன் புரதத் துண்டிற் கட்டிய கூடு நிற்காது, உடைந்துவிடும். விடுபட்ட கரு, கதிரை இழக்காமலே இரத்தத்தில் அலைந்து சிறுநீரகம் போன்ற இடங்களிற் போய்த் தங்கக்கூடும். லந்தனம் பொசுபேற்றினாலான துகளுக்குப் பொற்போர்வை போர்த்தி, உதைபட்ட கருவை உள்ளேயே அடக்கிவைக்கும் முறையை மிசூரியிலும் ஓக் றிட்ஜிலும் உள்ள ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். ரதபோர்ட் உயிரோடிருந்தால் தன் அல்பாவைப் பொன்னுக்குள் பூட்டிவைக்கும் இந்த வேலையை மிகவும் விரும்பியிருப்பார்.

வழிமறிக்கும் ஈரல்

இவ்வளவு நன்மையிருந்தும் இத்துகள்கள் ஏன் வைத்தியசாலைக்கு வரவில்லை? விடை எம் உடலிலேயே இருக்கிறது. இரத்தத்தில் அந்நியத் துகளொன்று புகுந்தால் அதைப் பிடித்து விழுங்குவதற்கென்றே ஈரலிலும் மண்ணீரலிலும் காவற்கலங்கள் உள்ளன. கிருமிகளிடமிருந்து எம்மைக் காக்கும் அதே காவல் மருந்தையும் மறித்துவிடுகிறது. கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டைகள் நிறைந்தவை, ஆகவே துகள்கள் அங்கே கசிந்து தேங்கும் என்ற எண்ணத்தை 1986 இல் யப்பானிய ஆய்வாளர்களான மற்சுமுரா, மயேடா ஆகியோர் முன்வைத்தனர். முப்பது ஆண்டுகள் அந்நம்பிக்கை துறையைத் தாங்கியது. 2016 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகக் குழுவொன்று, அதற்கு முந்திய பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தது. ஊசியிற் செலுத்தப்பட்ட துகள்களிற் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையில் 0.7 வீதம். நூறில் ஒன்று கூட இல்லை.

சாதாரண மருந்தென்றால் மீதி தொண்ணூற்றொன்பது பங்கும் வீணாயிற்று என்று விட்டுவிடலாம். கதிர் மருந்தென்றால் அந்தத் தொண்ணூற்றொன்பது பங்கும் ஈரலில் இருந்துகொண்டு கதிர் வீசும். பத்திரிகைத் தலைப்புகளில் வராதது இந்தக் கணக்குத்தான்.

இதைத் தாண்ட மூன்று வழிகள் முயலப்படுகின்றன. துகளை மிகச் சிறிதாக்கிவிட்டால் ஈரலிடம் அகப்படாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆறேழு நனோமீற்றர் அளவான சிலிக்காத் துகள்களிற் கதிர் அயடீனை ஏற்றி நியூயோர்க்கில் ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2014 இல் முடிவை வெளியிட்டனர். அது படம் பிடிப்பதற்கான முயற்சி, குணப்படுத்துவதற்கானதன்று. இரண்டாவது வழி, துகளைப் பெரிதாக்கி ஈரலையே இலக்காகக் கொள்வது. ஈரற் கட்டிகளுக்கு, அவற்றுக்குச் செல்லும் நாடியினூடாக இற்றியம்-90 ஏற்றிய மணிகளைச் செலுத்தும் முறை அவுஸ்திரேலியாவில் உருவாகி இன்று பல நாடுகளில் வழக்கிலுள்ளது. ஆனால் அம்மணிகள் நனோ அளவினவல்ல. ஆயிரம் மடங்கு பெரியவை. மூன்றாவது வழி, இரத்தத்தை நம்பாமல் மருந்தைக் கட்டிக்குள் நேரே கொண்டுபோய் வைப்பது. மூளையில் மீண்டும் தலைதூக்கிய கொடிய கட்டிகளுக்கு, றெனியம்-186 ஏற்றிய நனோக் கொழுப்புக் குமிழிகளை நுண்குழாய் வழியே மூளைக்குள் மெதுவாகச் செலுத்தும் சோதனை அமெரிக்காவில் நடந்து, முதற்கட்டமாக 21 பேரின் முடிவுகள் 2025 இல் வெளியாயின. கட்டி போதிய கதிரைப் பெற்றவர்கள் கூடுதற் காலம் வாழ்ந்தனர் எனக் காணப்பட்டது. ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத குழு அதில் இல்லை; முதற்கட்டச் சோதனையில் அப்படித்தான். எனினும், எலியைத் தாண்டி மனிதரிடம் வந்துள்ள கதிர் நனோ மருந்துகளில் நான் கவனித்துப் பின்தொடரும் ஒன்று இது.

இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். மார்பகப் புற்றுநோயோ கொடிய தோற் புற்றுநோயோ உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் முன், நோய் முதலிற் பரவக்கூடிய நிணநீர்க் கணு எதுவெனக் கண்டறிவதற்குத் தெக்னீசியம்-99எம் ஏற்றிய நுண்துகள்களைச் செலுத்துகிறார்கள். அத்துகள்கள் நனோ அளவினவே. பெயர் தெரியாமலே எம் பெண்கள் பலர் நனோத் துகளைச் சந்தித்துவிட்டார்கள். அதன் அரைவாழ்வு ஆறு மணித்தியாலம். நோயைக் காட்டும், அழிக்காது.

முன்பொருமுறை பொன் வந்தபோது

கதிர்ப்பொன் மருத்துவத்துக்கு வருவது இது முதன்முறையன்று. 1940 களின் பிற்பகுதியிலிருந்து சில தசாப்தங்கள், பொன்-198 கூழ்மமாக, அதாவது நீரில் மிதக்கும் நுண்துகள்களாக, புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. நனோ என்ற சொல் அப்போது வழக்கில் இல்லை, பொருள் இருந்தது. பின்னர் வேறு முறைகள் வந்ததும் அது கைவிடப்பட்டது. அம்முறையின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் வண்டபில்ற் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போல் ஹான். அவரே அதே 1940 களில், எண்ணூறுக்கு மேற்பட்ட கர்ப்பிணிப் பெண்களுக்குக் கதிர் இரும்பு கொடுக்கப்பட்ட ஆய்வையும் நடத்தியவர். தாம் குடித்தது என்னவென்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

ஒக்லண்டுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. இங்குள்ள தேசிய பெண்கள் வைத்தியசாலையில் 1966 இலிருந்து, கருப்பைக் கழுத்தில் புற்றுநோயின் முன்னிலை கண்டறியப்பட்ட பெண்கள் சிலருக்கு, வைத்தியர் ஹேபேட் கிறீனின் ஆய்வின் பொருட்டு வழமையான சிகிச்சை அளிக்கப்படாமல் அவர்கள் வெறுமனே அவதானிக்கப்பட்டனர். அவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. சிலருக்கு நோய் முற்றியது, சிலர் இறந்தனர். 1987 யூனில் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் ஆகிய இரு பெண்கள் "மெற்றோ" சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இதை வெளிக்கொணர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்றைற் தலைமையிலான விசாரணை 1988 ஓகஸ்டில் அறிக்கை தந்தது. அதன் பயனாகவே இந்நாட்டு நோயாளர் உரிமைக் கோவை 1996 இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பத்திரிகைக் கட்டுரை சட்டத்தையே மாற்றக்கூடும் என்பது, எழுதியதற்காக நாடு விட்டு வந்தவனுக்குச் சிறு ஆறுதல்.

அக்கோவை அகதிகளுக்கும் பொருந்தும். விளங்கும் மொழியில் விளக்கம் பெறவும், தேவைப்படுமிடத்து, இயலுமான வரையில், தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளரைப் பெறவும் நோயாளிக்கு உரிமையுண்டு. ஓர் ஆய்வுச் சோதனையிற் சேர்க்கப்படுவதானால், அதற்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி உண்டா எனத் தெரிந்துகொள்ளவும், எழுத்திற் சம்மதம் கொடுக்கவும் மறுக்கவும் உரிமையுண்டு. அகதி நிலை வழங்கப்பட்டவர்கள் மட்டுமன்றி, விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகவோ மேன்முறையீட்டுக்காகவோ காத்திருப்பவர்களும் அரச செலவிலான வைத்திய சேவைக்கு உரியவர்கள். எந்தக் கதிர்மருந்து அரச செலவிற் கிடைக்கும், எது கைக்காசில் என்பதை மட்டும் உங்கள் வைத்திய நிபுணரிடமே கேட்டறிய வேண்டும். அது நோய்க்கு நோய் வேறுபடும்.

நனோக் கதிர் மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே இன்னும் சோதனை நிலையில் உள்ளவை. உண்மையான சோதனையெனில் அதற்குப் பதிவிலக்கம் இருக்கும். இந்நாட்டிலும் அவுஸ்திரேலியாவிலும் நடக்கும் சோதனைகளுக்கான பொதுப் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். நல்லமுறையில் நடக்கும் சோதனையில் மருந்துக்கென நோயாளியிடம் பெருந்தொகை அறவிடுவது வழமையன்று. ஆகவே ஒருவர் தொலைபேசியில் "நனோத் தங்கக் கதிர்ச் சிகிச்சை, முன்பணம் அனுப்புங்கள்" என்றால், பதிவிலக்கத்தையும், எந்தக் கதிர்ச் சமதானி, எந்த உலையிலிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். 2.7 நாளிற் பாதியாகும் பொருளை வைத்திருப்பவருக்கு அது வரும் வழி தெரியாமல் இருக்க முடியாது.

வீட்டில் நோயாளி இருந்தால்

ஏமாற்றத்தைப் போலவே அச்சமும் எம்மவரைப் பிடித்திருக்கிறது. கதிர் என்ற சொல்லைக் கேட்டதும் சிகிச்சையை மறுத்துவிட்ட ஒரு தாயாரை அறிவேன். மூன்று படுக்கையறை வீட்டில் ஒன்பது பேர். பேரப்பிள்ளைகள் இரவில் அவருடைய அறையிற் படுப்பவர்கள். அவர்களுக்கு நஞ்சு ஊட்டிவிடுவேன் என்று அவர் அஞ்சினார். அவருக்குச் சொல்லப்பட்டிருந்ததோ வெளியிலிருந்து இயந்திரத்தாற் பாய்ச்சும் கதிர்ச்சிகிச்சை. இயந்திரம் நின்றதும் உடலில் எதுவும் எஞ்சாது. சிகிச்சை முடிந்த கையோடு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வாக்கியத்தை அவருடைய மொழியிற் சொல்ல அன்று அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

லுற்றீசியம், அயடீன் போன்று உடலுக்குட் செலுத்தப்படும் மருந்துகளின் நிலை வேறு. அவற்றிற் கணிசமான பங்கு முதல் ஓரிரு நாட்களிற் சிறுநீரோடு வெளியேறும். மீதி படிப்படியாக அழியும். ஆகவே வைத்தியசாலை குறிக்கும் நாட்கள்வரை தனிப்படுக்கை, சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நெடுநேரம் நெருங்காமை, மலசலகூடத்தில் இருமுறை நீர் விடல், கைகளை நன்கு கழுவல், துணிகளை வேறாகத் துவைத்தல் ஆகியன கடைப்பிடிக்கப்படவேண்டும். நாட்களின் எண்ணிக்கை மருந்துக்கும் அளவுக்கும் ஏற்ப மாறும். நெருக்கமான வீட்டில் வாழ்பவர்கள் அதை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லவேண்டும். எத்தனை பேர், எத்தனை அறை, எத்தனை மலசலகூடம் என்பது வைத்தியர் கேட்கவேண்டிய கேள்விதான். ஒரே மேசையிலிருந்து உண்பதால் நோய் தொற்றாது; புற்றுநோய் கதிரோடு சேர்ந்து பரவுவதுமில்லை.

மொழிபெயர்ப்புக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையை மறித்து அழைத்துச் செல்லவேண்டாம். தாயின் ஆயுட்காலம் எத்தனை மாதம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயால் தாய்க்குச் சொல்லவைப்பது கொடுமை. சந்திப்பு நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள்.

கதிர்மருந்து பெற்றபின் பயணம் செய்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. விமான நிலையங்கள் சிலவற்றிலும் எல்லைச் சாவடிகளிலும் உள்ள கதிர்காட்டிகள், சிகிச்சை முடிந்து வாரங்கள் சென்ற பின்னும் நோயாளியைக் கண்டு ஒலி எழுப்பக்கூடும். எல்லைகளில் நிறுத்தி விசாரிக்கப்பட்ட அனுபவம் எம்மவர் எவருக்கும் புதிதன்று. என்ன மருந்து, எந்த நாளிற் கொடுக்கப்பட்டது என்பதைக் குறித்த கடிதமொன்றை வைத்தியசாலையிற் கேட்டு வாங்கி, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும்.